நெடுவானின் காலைப் பிடித்தது யார்?

மூங்கிலடி ஏரியில் துழாவி என்றொரு முக்குளிப்பான் இருந்தாள். சின்னப் பறவை. பறப்பதில் மகா மட்டம். தண்ணீருக்குள் முங்குவதில் மகா கெட்டி. அதைவிடக் கெட்டி, கேள்வி கேட்பதில்.

"தூங்கும்போது நீ கண்ணை மூடுவாயா?" என்று மீனிடமே போய்க் கேட்பாள். மீன் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பசியில் அதை விழுங்கிவிடுவாள். பிறகு, "அடடா, பதிலைக் கேட்காமல் போய்விட்டேனே!" என்று நாளெல்லாம் வருந்துவாள்.

அந்த ஏரிக்குக் குளிர்காலம்தோறும் வரித்தலை வாத்துகள் வரும். பனிமலைகளையே தாண்டி வருகிற பறவைகள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்பு வரிகள் இருக்கும். அவற்றுக்குத் தரையும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். விடிந்ததும் காட்டோரப் புல்வெளியில் இறங்கி மேயும். வெயில் ஏறியதும் திரும்பி வந்து ஏரியில் இறங்கி மிதக்கும்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் நெடுவான். அவன் இறங்கும் அழகே தனி! சிறகை விரித்து, வானத்தில் ஒரு வட்டம் போட்டு, சத்தமே இல்லாமல் தண்ணீரில் வந்து வழுக்குவான். தவளைகள்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

ஒருநாள் முற்பகல். காற்று துளிகூட இல்லை. மூங்கில் இலை ஒன்றும் அசையவில்லை. துழாவி ஏரிக்கு அடியில் ஒரு கெண்டைக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

'தடால்!'

தலைக்கு மேலே தண்ணீர் அதிர்ந்தது. துழாவி நிமிர்ந்து பார்த்தாள். நெடுவான் தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடந்தான்! கண்கள் பிதுங்கியிருந்தன. சிறகுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டான். அடிக்க அடிக்க அவன் மேலே போகவில்லை, அடிச்சேற்றை நோக்கித்தான் போனான். எது மேல், எது கீழ் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

சேற்றில் தூங்கிக்கொண்டிருந்த ஓடப்பன் என்ற ஆமை திடுக்கிட்டு விழித்தான். மெதுவாக நகர்கிறவன்தான். ஆனால் அன்றைக்கு விருட்டென்று எழும்பினான். தன் ஓட்டை நெடுவானின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, முக்கி முனகி அவனை மேலே தள்ளிக்கொண்டு போனான்.

துழாவியும் பின்னாலேயே மேலே வந்தாள்.

பின்னால் பறந்து வந்த கூட்டம் முழுக்க, கலைந்த தண்ணீரில் இறங்கிக் கூடிவிட்டது. நெடுவானின் மனைவி வரிச்சி பதறிக்கொண்டு நீந்தி வந்தாள். "என்ன ஆச்சுங்க? எப்படி விழுந்தீங்க?"

நெடுவான் இருமினான். மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு சிறகு சுளுக்கித் தொங்கியது. சுற்றிலும் பார்த்தான். அத்தனை கண்களும் அவன் மேல்தான். பனிமலையைத் தாண்டக் கூட்டத்துக்கு வழிகாட்டியவன், ஓர் ஏரியில் இறங்கத் தெரியாமல் குப்புற விழுந்தான் என்று எப்படிச் சொல்வான்?

அப்போது அவன் பக்கத்தில் ஓடப்பனின் தலை தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"யாரோ... என் காலைப் பிடிச்சு இழுத்தாங்க!" என்றான் நெடுவான்.

"ஆமைதான்! ஆமைதான்!" என்று வாத்துகள் கத்தின.

"ஐயோ, நான் தூக்கிவிட்டேன்!" என்றான் ஓடப்பன். யார் கேட்டார்கள்? கொத்தோ கொத்தென்று கொத்தி, ஏரிக்கு வெளியே இருந்த ஒரு சேற்றுப் பள்ளம்வரை அவனை விரட்டிவிட்டுத்தான் ஓய்ந்தன.

நெடுவான் வாயைத் திறக்கவில்லை.

துழாவிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அன்று மாலையே சேற்றுப் பள்ளத்துக்குப் போனாள்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. காலைப் பிடிச்சீங்களா?"

"நான் தூங்கிக்கிட்டிருந்தேன் தாயி. தடால்னு சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

துழாவி தலையைச் சாய்த்து யோசித்தாள். அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாளே! சத்தம் கேட்டது முதலில். ஓடப்பன் சேற்றிலிருந்து கிளம்பியது அதற்குப் பிறகு. சேற்றில் கிடந்தவன், வானத்தில் வந்துகொண்டிருந்தவனின் காலை எப்படிப் பிடிப்பான்?

"அப்போ நீங்க பிடிக்கலை. அது தெளிவாப் போச்சு. ஆனால் அவர் ஏன் விழுந்தார்?"

"அதை விழுந்தவனிடம் கேள்!" என்றான் ஓடப்பன். அவன் கழுத்தெல்லாம் கொத்துப்பட்டு வீங்கியிருந்தது.

விழுந்தவன் கரைக்குப் பக்கத்தில் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துழாவி தத்தித் தத்தி அவனிடம் போனாள்.

"அண்ணே, இறங்கும்போது கீழே என்ன பார்த்தீங்க?"

"வானத்தைப் பார்த்தேன்."

"மேலேயா?"

"கீழேதான். கீழேயும் வானம்தான் தெரிஞ்சுது. மூங்கில் தலைகீழா நின்னுது. இன்னும் ரொம்பத் தூரம் இறங்கணும்னு நினைச்சேன்..." என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

துழாவியின் கண்கள் விரிந்தன. "அப்புறம்? உங்க கால் எங்கே இருந்துச்சு அண்ணே? முன்னாலேயா, கீழேயா?"

நெடுவான் கழுத்தை நீட்டிச் சீறினான். "இந்த ஏரியைத் தாண்டிப் பறந்திருப்பாயா நீ? என்னிடம் காலைப் பற்றிக் கேட்க வந்துவிட்டாய்! போ இங்கிருந்து!"

துழாவி போனாள். ஆனால் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் நாணல் புதரிலிருந்து ஒரு குள்ளநரி பார்த்துக்கொண்டிருந்தது. நெடுவான் விழுந்ததையும் அது பார்த்ததுதான். எப்படி விழுந்தான் என்பதும் அதற்குத் தெரியும். கரையில் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கும். ஆனால் கரையில் அன்று நரியைத் தவிர யாரும் இல்லை.

மறுநாள் நரி வாத்துகளிடம் வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு, எட்டவே உட்கார்ந்தது.

"உங்களை நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை!" என்றது. "தண்ணிக்குள்ளே காலைப் பிடிக்கிற ஆள் இருக்கிற ஏரியில எப்படி இருக்கப்போறீங்க? மேட்டுக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச குட்டை ஒண்ணு இருக்கு. அங்கே ஆமை கிடையாது. அலை கிடையாது. நாலு பக்கமும் மரம். வந்து சுகமா இருங்களேன்!"

"அந்தக் குட்டையில் இப்போ யார் இருக்காங்க?" என்று கேட்டாள் துழாவி.

"யாரும் இல்லை."

"அவ்வளவு நல்ல குட்டையில் ஏன் யாருமே இல்லை?"

நரி அவளை ஒரு பார்வை பார்த்தது. "சின்ன வாய்க்கு எவ்வளவு பெரிய கேள்வி!" என்று சிரித்தது. வாத்துகளும் சிரித்தன. சிரிப்பில் கேள்வி மறந்து போயிற்று.

ஆனாலும் வாத்துகள் உடனே கிளம்பவில்லை. தலைவனால் பறக்க முடியாதே! அவன் சிறகு தேறும்வரை பார்க்கலாம் என்றன. அதுவரை தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே இறங்குவது என்று முடிவு செய்தன.

துழாவிக்கு அது வசதியாகப் போயிற்று. வாத்துகள் தரையில் இறங்குவதை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. கால்களைக் கீழே தொங்கவிடும். சிறகைப் படபடவென்று அடித்து வேகத்தைக் குறைக்கும். பாதம் மண்ணில் பட்டதும் தடதடவென்று நாலு எட்டு ஓடி நிற்கும்.

"தண்ணீரில் இப்படி இறங்க மாட்டாங்களே!" என்று துழாவி தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தண்ணீரில் அவை இறங்குவதை அவள் எத்தனையோ முறை அடியிலிருந்து பார்த்திருக்கிறாள். கால்களை மடக்கி முன்னால் தூக்கும். விரலிடைச் சவ்வு இரண்டு பழுத்த இலைகளைப் போல் விரிந்திருக்கும். பாதத்தின் அடிப்பக்கம் தண்ணீரில் பட்டு, சர்ரென்று வழுக்கிக்கொண்டு வரும். வேகம் குறைந்த பிறகுதான் மார்பு தண்ணீரில் அமரும்.

தரைக்கு ஒரு கால். தண்ணீருக்கு ஒரு கால். மாற்றி வைத்தால்?

துழாவி ஒரு காய்ந்த நாணல் குச்சியை அலகில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு வேகமாக நீந்தினாள். குச்சியின் நுனி தண்ணீருக்குள் இறங்கியதுதான் தாமதம், தண்ணீர் அதைப் பின்னால் இழுத்தது. குச்சி அலகிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அவள் மூக்கு தண்ணீரில் குத்திற்று.

"பிடிச்சு இழுத்தது தண்ணீர்!" என்று அவள் துள்ளினாள்.

இருந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நெடுவான் அத்தனை அனுபவசாலி. தண்ணீருக்கு முன்னால் காலைத் தூக்க வேண்டும் என்று தெரியாதா? தெரியும். பின்னே ஏன் தூக்கவில்லை?

காற்று அடங்கிய ஒரு மதியத்தில் துழாவி தானே பறந்து பார்ப்பது என்று முடிவு செய்தாள். தண்ணீர் மேல் காலால் அடித்து அடித்து நெடுந்தூரம் ஓடி, திக்கித் திணறி ஒருவழியாக மூங்கில் உயரத்துக்கு எழும்பினாள். கீழே பார்த்தாள்.

ஏரியைக் காணோம்!

கீழே மேகம் மிதந்தது. கீழே சூரியன் காய்ந்தது. தண்ணீர் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று சொல்ல ஒரு சுருக்கம், ஒரு கோடு இல்லை. கீழிருந்து ஒரு முக்குளிப்பான் அவளை நோக்கிப் பறந்து வந்தாள்.

"ஏய், தள்ளிப் போ!" என்று கத்தினாள் துழாவி. அவளும் அதே மாதிரி வாயைத் திறந்தாள். 'பொத்!' இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். வயிறு எரிய எரியத் துழாவி தண்ணீரில் கிடந்தாள். மோதியது தண்ணீரில் தெரிந்த தன் பிம்பத்துடன்தான் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

மறுபடியும் பறந்தாள். இந்த முறை ஒரு மூங்கில் சருகு உதிர்ந்து வந்து தண்ணீரில் விழுந்தது. அதைச் சுற்றி மெல்லிய வட்டங்கள் எழுந்தன. "இதோ, இங்கேதான் தண்ணீர்!" என்று அந்த வட்டங்கள் சொல்வது போல் இருந்தது. துழாவி வலிக்காமல் இறங்கினாள்.

காற்று அடித்தால் ஏரியில் சுருக்கம் விழும். சுருக்கம் இருந்தால் உயரம் தெரியும். அசையாத ஏரியில் எதுவும் தெரியாது!

அவள் நேராக வரிச்சியிடம் ஓடினாள்.

"அக்கா! அண்ணன் விழுந்த அன்னைக்குக் காற்றே இல்லை. தண்ணி எங்கே இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது. புல்வெளியில் இறங்கி இறங்கிப் பழகின கால், தொங்கினது தொங்கினபடியே இருந்திருக்கும். தூக்குறதுக்குள்ளே தண்ணி வந்துடுச்சு!"

வரிச்சி அவளை உற்றுப் பார்த்தாள். "அதை நீ கண்ணால் பார்த்தாயா?"

துழாவி பொய் சொல்லவில்லை. "இல்லை அக்கா. நான் பார்க்கும்போது அவர் புரண்டு கிடந்தார். கால் எப்படி இருந்துச்சுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்படி இருந்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருப்பாரே!" என்றாள் வரிச்சி. "அவர் பொய் பேசி நான் கேட்டதே இல்லை. காலைப் பிடிச்சாங்கன்னா பிடிச்சிருக்காங்க."

துழாவி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த நாள் விடிந்தபோது கூட்டத்தில் சாம்பலி என்ற வாத்தைக் காணவில்லை. எல்லாரோடும் கரையில்தான் படுத்திருந்தாள். நாணல் ஓரத்தில் அவளுடைய இறகுகள் சில சிதறிக் கிடந்தன.

நரி ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டது. "பார்த்தீங்களா! ஆமை கரைக்கே வந்துட்டான்! இன்னும் எத்தனை பேரைக் கொடுக்கப்போறீங்க?"

"ஆமைக்கு ஒரு வாத்தையே விழுங்குகிற வாய் எங்கே இருக்கு?" என்றாள் துழாவி. அழுகைச் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப் போயிற்று.

நெடுவான் அந்த இறகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அலகு திறந்தது. மூடிக்கொண்டது. இப்போது சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சாம்பலி கரையில் படுத்ததே அவனுடைய வார்த்தையை நம்பித்தானே! சொல்ல வேண்டிய வார்த்தை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது.

கரையிலும் பயம், தண்ணீரிலும் பயம். கடைசியில் நெடுவானை ஏரிக்கு நடுவே இருந்த ஒரு சின்னப் பாறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மறுநாள் புல்வெளியில் மேய்ந்துவிட்டு வந்து, அவனையும் அழைத்துக்கொண்டு எல்லாருமாக நரியின் குட்டைக்கு நடந்தே போய்விடுவது என்று பேச்சு.

வாத்துகள் மேயக் கிளம்பும் நேரம். சிறகு சுளுக்கிய வாத்து இன்னொன்று இருந்தால் நரிக்கு லாபம்தான். அது வரிச்சியிடம் பரிவாகச் சொன்னது:

"தலைவரைக் கூட்டிவர நீங்க தண்ணியிலதானே இறங்கணும்? பாறையில் இடம் இல்லையே. ஒண்ணு செய்யுங்க அம்மா. காலை நல்லாக் கீழே தொங்கவிட்டு இறங்குங்க. எவனாவது பிடிக்க வந்தால் ஓங்கி ஒரு உதை விடலாம், பாருங்க!"

"வேண்டாம் அக்கா!" என்று துழாவி கத்தினாள். "காலைத் தொங்கவிட்டுத் தண்ணியில் இறங்கி யாரையும் நான் பார்த்ததில்லை!"

"பறக்கவே வராத பறவை, இறங்கப் பாடம் நடத்துது!" என்றது நரி.

வரிச்சி சிறகை விரித்தாள். கூட்டம் எழும்பிப் பறந்துவிட்டது.

துழாவி வேகமாக நீந்திப் பாறைக்குப் போனாள். நெடுவான் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் எதுவும் கேட்கவில்லை. பாறையின் அடியில் மிதந்துகொண்டே வானத்தைப் பார்த்திருந்தாள்.

வெயில் ஏறியது. காற்று நின்றது. ஏரி அப்படியே கண்ணாடியாயிற்று.

தெற்கே வாத்துகளின் குரல் கேட்டது. கூட்டம் மூங்கிலுக்கு மேலே வட்டமிட்டது. வரிச்சி மட்டும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து கீழே வந்தாள். நேராகப் பாறையை நோக்கி வந்தாள். இரண்டு கால்களும் வயிற்றுக்குக் கீழே விறைப்பாகத் தொங்கின.

நெடுவான் பாறையில் எழுந்து நின்றான்.

"அண்ணே," என்றாள் துழாவி. "அக்கா காலைத் தொங்கவிட்டுக்கிட்டு வர்றாங்க. அது சரியா?"

நெடுவான் கூட்டத்தைப் பார்த்தான். வரிச்சியைப் பார்த்தான்.

பிறகு அவன் கத்திய கத்தலில் ஏரியே அதிர்ந்தது.

"காலைத் தூக்கு வரிச்சி! காலைத் தூக்கு! என்னை யாரும் பிடிக்கலை! நான்தான் காலைத் தொங்கவிட்டேன்! தண்ணி பக்கத்தில் இருக்கு! தூக்கு!"

அவன் கத்தி முடிக்கும்வரை துழாவி காத்திருக்கவில்லை. பாறையிலிருந்து புறப்பட்டு, வரிச்சி இறங்கும் வழிக்குக் குறுக்கே, தண்ணீர் மேல் சளசளவென்று ஓடினாள். சின்னக் கால்களால் அடித்தாள். குட்டைச் சிறகுகளால் அடித்தாள். கண்ணாடி உடைந்தது. வானமும் மேகமும் நெளிந்து கலைந்தன. ஏரியில் சுருக்கம் விழுந்தது.

"ஐயோ, இவ்வளவு பக்கத்திலா!" என்று அலறினாள் வரிச்சி.

கால்களை வெடுக்கென்று முன்னால் இழுத்தாள். ஒரு கால் முழுதாக வந்தது. மற்றது பாதிதான் வந்தது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று, வழுக்கிக்கொண்டே வந்து பாறையில் தோளை மோதி நின்றாள். மூச்சு வாங்கியது. ஆனால் தலை தண்ணீருக்கு மேலே இருந்தது.

துழாவி நிற்கவில்லை. திரும்பி ஓடினாள், மறுபடி ஓடினாள். அவள் கலைத்த தண்ணீரில் மற்ற வாத்துகள் ஒவ்வொன்றாக, காலை முன்னே நீட்டி இறங்கின.

எல்லாம் இறங்கிப் பாறையைச் சுற்றிக் கூடின.

"யாரும் பிடிக்கலையா?" என்று கேட்டாள் வரிச்சி.

"இல்லை," என்றான் நெடுவான். "புல்வெளியிலிருந்து வந்தேன். காலை மாத்தி வைக்கவே இல்லை. தண்ணி தூரத்தில் இருக்குன்னு நினைச்சேன். விழுந்ததும் வெட்கமாப் போச்சு. வாயில் வந்ததைச் சொல்லிட்டேன்."

"ஓடப்பன்?"

"என்னைக் கீழேயிருந்து தள்ளி மேலே கொண்டுவந்தவன் அவன்தான்."

"அப்போ சாம்பலியைத் தின்றது?"

எல்லாக் கழுத்துகளும் ஒரே நேரத்தில் கரைப்பக்கம் திரும்பின.

நரி மெல்ல எழுந்தது. "தலைவருக்கு அடிபட்டதில் புத்தி கலங்கிப்போச்சு போல..." என்று ஆரம்பித்தது.

வாத்துகள் அதை முடிக்க விடவில்லை. கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு மொத்தக் கூட்டமும் கரையேறியது. தனியாக மாட்டும் வாத்தைத்தான் நரிக்குத் தெரியும். இப்படி வரிசையாக வரும் வாத்துகளை அது கண்டதில்லை. கொத்து ஒன்று மூக்கில் விழுந்தது, சிறகடி ஒன்று கண்ணில் விழுந்தது. ஊளையிட்டுக்கொண்டு மேட்டைத் தாண்டி ஓடியது. அதன் பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அன்று நெடுவான் தொங்குகிற சிறகை இழுத்துக்கொண்டு சேற்றுப் பள்ளத்துக்கு நடந்தே போனான். துழாவியும் கூடப் போனாள்.

"ஓடப்பா," என்றான். "நீ என்னைத் தூக்கிவிட்டாய். நான் உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். ஏரிக்கு வா."

ஓடப்பன் நெடுநேரம் ஓட்டுக்குள்ளேயே இருந்தான். பிறகு தலையை நீட்டினான்.

"வர்றேன். ஆனால் சாம்பலி வர மாட்டாளே!"

"வர மாட்டாள்," என்றான் நெடுவான். அவன் தலை தாழ்ந்தது. மூவரும் ஏரிக்கு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு மூங்கிலடி ஏரியில் பழக்கமே மாறிவிட்டது. கூட்டம் இறங்க வரும்போது முன்னால் வருகிற வாத்து, "நீரா? நிலமா?" என்று குரல் கொடுக்கும். பின்னால் வருபவை கீழே ஒருமுறை பார்த்து, காலையும் ஒருமுறை பார்த்து, "நீர்!" என்றோ "நிலம்!" என்றோ பதில் சொல்லும். காற்று இல்லாத நாட்களில் துழாவியும் அவள் உறவுக்காரர்களும் தண்ணீர் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடிக் கோலம் போட்ட பிறகுதான் யாரும் இறங்குவார்கள். தவறிக் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் துழாவி சொல்லிக்கொடுத்தாள்.

"சிறகை அடிக்காதீங்க! பதறாதீங்க! கொஞ்சம் மூச்சை விடுங்க. குமிழ் எந்தப் பக்கம் போகுதோ, அதுதான் மேல்பக்கம். அது பின்னாலேயே வாங்க!"

"குமிழுக்கு வழி எப்படித் தெரியும்?" என்று ஒரு வாத்து கேட்டது.

துழாவி அப்படியே நின்றுவிட்டாள். "அட, ஆமாம்! எப்படித் தெரியும்?" அன்றைக்கு முழுவதும் அவள் ஏரிக்கு அடியில் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தாள்.

நெடுவானின் சிறகு தேறியது. கூட்டத்துக்கு அவனே தலைவனாக இருந்தான். முதலில் சிலருக்கு அதில் மனமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும், தான் எப்படி விழுந்தான் என்பதை ஒன்றையும் மறைக்காமல் அவன் சொல்வான். கேட்கக் கேட்க அவர்களுக்குக் கோபம் குறைந்தது, கவனம் கூடியது.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள், சிட்டாள் என்ற இளம் வாத்து, இரண்டு தோழிகளோடு போட்டி போட்டுக்கொண்டு இறங்கினாள். 'தடால்!' தண்ணீர் தெறித்தது. ஆள் கவிழ்ந்து உள்ளே போனாள். துழாவி முங்கப் போனாள். அதற்குள் நாலைந்து குமிழ்கள் மேலே வந்தன. குமிழ்களுக்குப் பின்னாலேயே சிட்டாளின் தலையும் வந்தது.

அவள் இருமினாள். மூக்கில் வழிந்த தண்ணீரை உதறினாள். சுற்றிலும் பார்த்தாள். அத்தனை கண்களும் அவள் மேல்தான்.

"போட்டி வேகத்தில் கீழேயும் பார்க்காமல், காலையும் பார்க்காமல் 'நீர்'னு சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். "கால் தொங்கிக்கிட்டே இருந்துச்சு!"

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நெடுவான்தான் முதலில் அவள் பக்கத்தில் நீந்தி வந்தான்.

"எந்த இடத்தில் கவனம் தப்பிச்சு? முதலில் இருந்து சொல்லு," என்றான்.

மற்றவர்கள் சுற்றிலும் நெருங்கி வந்து மிதந்தார்கள். துழாவி எல்லாருக்கும் முன்னால் போய், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள்.

விழுந்தவர் வெட்கப்படாமல் நடந்ததை நடந்தபடி சொன்னால், பின்னால் வருகிறவர்கள் விழாமல் தப்பித்துக்கொள்வார்கள்.